மனிக்கி ஆற்றங்கரையிலே

சென்ற தவணை விடுமுறைக்கு முதல்நாள் மாலை. கல்லூரி மணி அடித்து மாணவர் கலைந்து சென்றபின், எம்முடன் கணிதம் கற்பிக்கும் நண்பர் ஒருவர் ஆசிரியர் அறையின் மூலையிலே எம்மை நிறுத்தி, சட்டைப்பையிலிருந்து நான்காக மடித்த கடதாசி ஒன்றை எடுத்து நீட்டினார். இரத்தப் பரிசோதனை அறிக்கை அது. சீனியின் அளவு கூடியிருந்தது. கொழுப்பின் அளவும் கூடியிருந்தது. கடைசி வரியிலே, ‘தெஸ்தோஸ்தெரோன்’ என்னும் ஆண் ஓமோனின் அளவு குறைவு என்பதற்கான அடையாளம் இடப்பட்டிருந்தது. முன்னைய இரண்டு வரிகளையும் நண்பர் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. கடைசி வரியே அவருடைய நித்திரையைக் கெடுத்திருந்தது. கைத்தொலைபேசியிலே தாம் கண்ட விளம்பரம் ஒன்றையும் காட்டினார். அந்த ஓமோனைக் கூட்டும் மருந்தாம், அதனால் இளமையும் வலிமையும் மீளுமாம், இருதயமும் காக்கப்படுமாம்.

“மாஸ்டர், நீர் நாலு புத்தகம் பார்க்கிறவர். இதை வாங்கலாமோ, விடலாமோ? ஒரு சொல்லுச் சொல்லும்” என்றார்.

நாம் உடனே விடை கூறவில்லை. எமது தமையனார் தமது ஐம்பத்திரண்டாம் வயதிலே மாரடைப்பினால் மறைந்தவர். காலை முதல் மாலை வரை கதிரையை விட்டு எழவேண்டாத உத்தியோகம் அவருடையது. அவரும் ஒருநாள் இவ்வாறே ஓர் அறிக்கையை எம்மிடம் நீட்டினார். படித்தவன் என்ற பெருமையினால், சரிவர விளங்கிக்கொள்ளாமலே, ‘பயப்பட ஒன்றுமில்லை’ என்று கூறிவிட்டோம். அந்தச் சொல் இன்றளவும் எமது நெஞ்சை உறுத்திக்கொண்டிருக்கின்றது. ஆதலால், இம்முறை நண்பரிடம் ஒரு கிழமை அவகாசம் கேட்டுக்கொண்டு வீடு திரும்பினோம்.

அந்த ஒரு கிழமைத் தேடல் எம்மைக் கொண்டுபோய்ச் சேர்த்த இடம் எந்த வைத்தியசாலையுமன்று. தென்னமெரிக்காவின் நடுவிலே, பொலிவியா நாட்டின் கீழ்நிலக் காடுகளுக்கூடாக வளைந்து செல்லும் மனிக்கி என்னும் ஆற்றின் கரை அது. கால்களால் நாம் அங்கே சென்றதில்லை. ஆனால், கால்களால் செல்லாத நாடுகளுக்குத் தேசப்படத்தின் வழியாகவும் ஆராய்ச்சியாளரின் ஏடுகள் வழியாகவும் மாணவரை அழைத்துச் செல்வது எம்மைப்போன்ற பூகோள ஆசிரியர்களின் பழைய வழக்கம். வாசக அன்பர்களையும் அவ்வாறே அழைத்துச் செல்ல விரும்புகின்றோம்.

மலையிலிருந்து ஆற்றுக்கு

பொலிவியா என்றதும் நமது மனக்கண்ணில் எழுவது அந்தீஸ் மலைத்தொடரே. அந்நாட்டின் அரசாங்கம் வீற்றிருக்கும் லா பாஸ் நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,600 மீற்றர் உயரத்தில் உளது. நமது நாட்டின் மிக உயர்ந்த மலையாகிய பீதுருதாலகாலையின் உயரம் 2,524 மீற்றர் என்பதை நினைவிற் கொண்டால், அந்நகரம் எத்துணை உயரத்தில் இருக்கின்றதென்பது விளங்கும். அங்கிருந்து வடகிழக்குத் திசையாகப் பாதை இறங்குகின்றது. குளிரும் பனிமூட்டமும் மெல்ல விலகுகின்றன. மலைச்சரிவுகளில் மரங்கள் அடர்கின்றன. வெம்மையும் ஈரமும் முகத்தில் அறைகின்றன. மலை முடிந்து சமவெளி தொடங்குமிடத்திலே பெனி என்னும் மாகாணம் விரிகின்றது. அம்மாகாணத்திலே, மனிக்கி ஆற்றின் கரையில் சான் போர்ஹா என்னும் சிறு நகரம் இருக்கின்றது. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியிலே யேசுசபைக் குருமார் நிறுவிய குடியேற்றத்தின் பெயரே அதற்கு இன்றும் வழங்குகின்றது.

சான் போர்ஹாவோடு மோட்டார் வாகனத்தின் ஆட்சி பெரும்பாலும் முடிந்துவிடுகின்றது. அதற்கப்பால் ஆறே பெருந்தெரு. ஒற்றை மரத்தைக் குடைந்து செய்த வள்ளங்கள் அதிலே செல்கின்றன. சிலவற்றை நீண்ட கழியால் தள்ளுகின்றனர். சிலவற்றிற்குச் சிறு இயந்திரம் பூட்டியிருக்கின்றனர். அவ்வியந்திரம் எழுப்பும் ஓசையைக் கொண்டே அவ்வகைப் படகுக்குப் ‘பெக்கே பெக்கே’ என்று அப்பகுதி மக்கள் பெயரிட்டுவிட்டனர். மாரிகாலத்தில் ஆறு பெருகிக் கரைகளை அரித்துச் செல்லும். கோடையில் வற்றி மணல்திட்டுகள் தலைகாட்டும்.

இவ்வாற்றின் கரைகளிலும் அயற்காடுகளிலும் வாழ்பவர்களே சிமானே என்னும் மக்கள். அவர்களின் தொகை ஏறத்தாழப் பதினாறாயிரம். சிறு சிறு கிராமங்களாகப் பிரிந்து, உறவினர் வீடுகள் ஒன்றையொன்று அண்டியிருக்க வாழ்கின்றனர். பழங்காலத்தில் குருமார் பலமுறை முயன்றும் அவர்களை மிஷன் குடியிருப்புக்களிலே நிலையாக இருத்த இயலவில்லை. அவர்கள் மீண்டும் மீண்டும் காட்டுக்கே திரும்பிச் சென்றனர். அதனாலேயே அவர்களின் மொழியும் வாழ்க்கை முறையும் இக்காலம் வரை பெரும்பாலும் பிழைத்திருக்கின்றன.

அவர்தம் மனையும் உணவும்

சிமானே வீட்டைக் கண்டால் நம்மவர்க்கு அது முற்றிலும் புதியதாகத் தோன்றாது. பெரும்பாலும் சுவர் இல்லை. நாற்புறமும் காற்றுப் புகும். மேலே ஓலைக்கூரை. ‘ஹத்தாத்தா’ என்னும் சிறு பனையினச் செடியின் இலைகளை நீண்ட சட்டத்திலே நெருக்கமாகப் பின்னித் தட்டிகள் செய்கின்றனர். நமது பெண்கள் முற்றத்திலிருந்து கிடுகு பின்னுவதைப் போன்றதே அத்தொழில். அத்தட்டிகளை நகரத்துக்குக் கொண்டுசென்று விற்று, கத்தி, உப்பு, துணி முதலியவற்றைப் பெறுகின்றனர்.

அயல்வீட்டுக்கும் அயற்கிராமத்துக்கும் சென்று உறவினரைக் காண்பது அவர்களின் வாழ்க்கையிலே பெரியதோர் இன்பம். அதற்கு அவர்கள் மொழியில் ‘சொபாக்கி’ என்று பெயர். வந்தவரைப் பாயில் இருத்தி, மரவள்ளிக்கிழங்கைப் புளிக்கவைத்து ஆக்கிய பானத்தைச் சுரைக்குடுவையிலே கொடுப்பது அவர்களின் விருந்தோம்பல்.

உணவைப் பார்ப்போம். காட்டிலே சிறிய துண்டு நிலத்தை வெட்டி, உலர்த்தி, எரித்து, அச்சாம்பல் மண்ணிலே வாழை, மரவள்ளி, நெல், சோளம் ஆகியவற்றைப் பயிரிடுகின்றனர். ஆற்றிலே மீன், காட்டிலே பன்றியினமும் பிற விலங்குகளும். ஆராய்ச்சியாளர் கணக்கிட்டபடி, அவர்கள் உண்ணும் உணவின் சக்தியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மாச்சத்திலிருந்தே கிடைக்கின்றது. கொழுப்பு மிகக் குறைவு. சோறும் கிழங்கும் உண்டாலே நோய் வரும் என்று அஞ்சுகின்ற நம்மவர் இதனைக் கவனித்தல் நன்று. ஆனால் அந்தக் கிழங்கு சீனியிலும் எண்ணெயிலும் குளித்து வருவதில்லை. அதனை உண்பதற்கு முன் தோண்டவும், சுமக்கவும், உரிக்கவும், இடிக்கவும் வேண்டும்.

இங்கேதான் அவர்களின் வாழ்க்கைக்கும் நமது வாழ்க்கைக்குமுள்ள பெரிய வேறுபாடு தோன்றுகின்றது. சிமானே ஆடவர் நாளொன்றுக்கு ஆறு ஏழு மணித்தியாலமும், பெண்கள் நான்கு முதல் ஆறு மணித்தியாலமும் உடலை அசைத்து உழைக்கின்றனர். நாளொன்றுக்கு ஆடவர் ஏறத்தாழ 17,000 அடிகளும் பெண்டிர் ஏறத்தாழ 16,000 அடிகளும் நடக்கின்றனர். இது உடற்பயிற்சி என்ற பெயரில் நடப்பதன்று. மீனைத் தேடி, விறகைத் தேடி, தோட்டத்தைத் தேடி நடப்பது.

இருதயத்தைக் கண்ட கருவி

2002ஆம் ஆண்டு தொடக்கம் ஹில்லார்ட் கப்லன், மைக்கல் கேர்வன் என்னும் மானிடவியலறிஞர்கள் தலைமையில் ஓர் ஆராய்ச்சிக் குழு சிமானே மக்களிடையே வேலை செய்துவருகின்றது. பொலிவியா நாட்டு வைத்தியர்களும் அக்குழுவிலே இருக்கின்றனர். அவர்கள் கிராமங்களுக்குச் சென்று நோயாளரைப் பார்த்து மருந்து கொடுக்கின்றனர். மக்களின் சம்மதத்துடன் இரத்தம், உமிழ்நீர் முதலியவற்றையும் பரிசோதிக்கின்றனர்.

2014, 2015ஆம் ஆண்டுகளிலே அக்குழு அரிய காரியமொன்றைச் செய்தது. நாற்பது வயதுக்கு மேற்பட்ட சிமானே மக்கள் 705 பேரை, ஆற்றுவழியாகவும் தரைவழியாகவும் ஒருநாள் இருநாள் பயணம் செய்வித்து, மாகாணத் தலைநகராகிய திரினிடாட்டுக்கு அழைத்துவந்து, சீ.ரீ. ஸ்கான் கருவியினால் அவர்களின் இருதயங்களைப் படமெடுத்தது. இருதயத்துக்கு இரத்தம் ஊட்டும் முடியுரு நாடிகளிலே கல்சியம் படிந்திருக்கின்றதா என்று பார்ப்பதே நோக்கம். யாழ்ப்பாணத்துக் கிணற்று நீரைக் காய்ச்சும் கேத்தலின் அடியிலே வெண்மையான படிவு ஏறுவதை நாம் அறிவோம். நாடிகளில் ஏறும் படிவு உண்டாகும் விதம் வேறாயினும், கருவியின் படத்திலே அதுவும் அவ்வாறே வெண்மையாகத் தெரியும். அது தெரியுமாயின், நாடிச்சுவரிலே நோய் குடியேறி நாளாயிற்று என்பது பொருள்.

2017ஆம் ஆண்டு ‘லான்செற்’ என்னும் வைத்திய ஏட்டிலே அதன் பெறுபேறு வெளிவந்தது. 705 பேரில் 596 பேரின் நாடிகளிலே கல்சியம் சற்றும் இல்லை. நூற்றுக்கு எண்பத்தைந்து பேர் தூய நாடியுடையோர்! எழுபத்தைந்து வயதைக் கடந்தவர்களிலேகூட ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினரின் நாடிகள் தூயனவாகவே இருந்தன. எண்பது வயதுச் சிமானே முதியவரின் நாடிகள், ஐம்பதுகளின் நடுப்பகுதியிலுள்ள அமெரிக்கர் ஒருவரின் நாடிகளை ஒத்திருந்தன. உயர் இரத்த அமுக்கம், உடற்பருமன், சலரோகம் ஆகியவை அவர்களிடையே அருகியே காணப்பட்டன. அதுவரை ஆராயப்பட்ட மக்களினங்கள் எவற்றிலும் இத்துணைக் குறைந்த நாடிநோய் பதிவாகவில்லை என்று அவ்வறிஞர் எழுதினர்.

குறைந்திருந்தும் குறையில்லை

இனி நண்பருடைய கடைசி வரிக்கு வருவோம்.

ஓமோன் என்பது சுரப்பிகள் இரத்தத்திலே கலக்கும் தூது. உடலின் ஒரு பகுதியிலிருந்து மற்றொரு பகுதிக்கு அது ஏவல் கொண்டுசெல்கின்றது. தெஸ்தோஸ்தெரோன் கொண்டுசெல்லும் ஏவல்களுள் தசையை வளர்ப்பதும் ஒன்று. ஐரோப்பா, அமெரிக்கா முதலிய நாடுகளிலே இவ்வோமோன் குறைந்த ஆடவரிடையே இருதய நோயால் இறப்போர் மிகுதியென்று ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. விளம்பரக்காரர் பற்றிக்கொண்டது இந்தச் செய்தியைத்தான். குறைந்தால் நோய், ஆகவே கூட்டினால் சுகம் என்பது அவர்களின் கணக்கு.

இக்கணக்கு சரியாயின், மனிக்கிக் கரையிலே ஆடவரின் ஓமோன் மிக உயர்ந்திருக்கவேண்டுமல்லவா? உண்மை நேர்மாறானது. பெஞ்சமின் டிரம்பிள் என்னும் அறிஞரும் அவருடைய குழுவினரும் 2012இல் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, சிமானே ஆடவரின் தெஸ்தோஸ்தெரோன் அமெரிக்க ஆடவருடையதைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. உலகிலேயே மிகத் தூய நாடிகளையுடைய ஆடவர், நகரத்து ஆடவரிலும் குறைந்த ஆண் ஓமோனுடன் வாழ்கின்றனர்!

இதன் காரணத்தை ஒரு குடும்பத்தின் வரவு செலவைக் கொண்டு விளக்கலாம். உடலுக்கு நாள்தோறும் கிடைக்கும் சக்தி ஓர் அளவுடையது. சிமானே மனிதன் அதிலே பெரும்பகுதியை உழைப்பிலே செலவிடுகின்றான். குடற்புழுக்களையும் பிற கிருமிகளையும் எதிர்த்து நிற்கவும் ஒரு பகுதியைக் கொடுக்கின்றான். தசையைப் பெருக்கி வைத்திருப்பதோ செலவு மிகுந்த காரியம். சிக்கனமான குடும்பத்தலைவி பட்டுச் சேலையைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுத் தேவைப்படும் நாளிலே எடுத்து உடுப்பதுபோல, அவனுடைய உடலும் இவ்வோமோனை நாளாந்தம் குறைவாக வைத்திருந்து தேவை வரும்போது கூட்டிக்கொள்கின்றது.

கூட்டிக்கொள்கின்றதென்பது வெறும் கற்பனையன்று. சிமானே மக்கள் உதைபந்தாட்டப் பிரியர். ஆட்டம் முடிந்தவுடன் விளையாடியவர்களின் உமிழ்நீரைப் பரிசோதித்தபோது, ஓமோன் நூற்றுக்கு முப்பது வீதம் உயர்ந்திருந்தது. ஒரு மணித்தியாலத்தின் பின்னும் அவ்வுயர்வில் ஏறத்தாழப் பாதி எஞ்சியிருந்தது. கோடரி கொண்டு மரம் தறிப்பது அதனிலும் வியப்பானது. ஒரு மணித்தியாலம் மரம் தறித்தவர்களின் ஓமோன் ஏறத்தாழ நாற்பத்தேழு வீதம் உயர்ந்ததென 2013இல் எழுதினர். போட்டியாளன் எவனும் எதிரே நில்லாத வேலை அது. பிள்ளைகளுக்குச் சோறிடுவதற்காகத் தோட்டத்தைத் திருத்தும் வேலை. அவ்வேலையிலே இளைஞருக்கும் முதியவருக்கும் உயர்வில் வேறுபாடு காணப்படவில்லை. வேட்டையில் வெற்றிபெற்று வீடு திரும்புவோரிடத்தும் ஓமோன் உயர்ந்திருந்தது.

வயது ஏற ஏற இவ்வோமோன் சரிந்துகொண்டே போகுமென்பதும் எல்லா நாட்டுக்கும் ஒரே அளவாகப் பொருந்தும் விதியன்று. 2002இல் பீற்றர் எலிசன் முதலியோர் அமெரிக்கா, கொங்கோ, நேபாளம், பராகுவே ஆகிய நான்கு நாட்டு ஆடவரை ஒப்புநோக்கினர். இளைஞர்களிடையேதான் பெரும் வேறுபாடு இருந்தது. அமெரிக்க இளைஞரின் அளவே மிக உயர்ந்தது. முதியோரிடையே அவ்வேறுபாடு பெரும்பாலும் மறைந்துபோயிற்று. உயரத்திலிருந்து தொடங்கியவருக்கு இறக்கம் பெரிதாகத் தெரிகின்றது. ஆகவே, ‘குறைவு’ என்னும் சொல்லே எந்த ஊர் அளவுகோலால் அளந்தது என்று கேட்கவேண்டிய சொல்லாகின்றது.

எண்ணும் வாழ்வும்

அப்படியாயின், நகரத்திலே ஓமோன் குறைந்தவருக்கு இருதய நோய் மிகுவதேன்? உடற்பருமனே இங்கு முக்கியமான இடையாள். வயிற்றைச் சூழ்ந்து சேரும் கொழுப்பு ஒருபுறம் ஆண் ஓமோனைக் குறைக்கின்றது. மறுபுறம் சீனியையும் இரத்த அமுக்கத்தையும் கூட்டி நாடிகளைக் கெடுக்கின்றது. ஒரே வீட்டிலே இரண்டு பொருள்கள் களவுபோனால், ஒரு பொருள் மற்றப் பொருளைத் திருடியது என்று எவரும் சொல்லமாட்டார். திருடன் ஒருவன் வந்து இரண்டையும் கொண்டுபோனான் என்றே கொள்வர். உடல் மெலிய, மருந்தின்றியே பலருக்கு ஓமோன் உயர்வது இதற்குத் தக்க சான்று.

அந்தத் திருடன் இல்லாத ஊரிலே ஓமோனுக்கும் நாடிக்கும் என்ன உறவு என்று பார்க்கவேண்டுமானால், மனிக்கிக் கரையை விடச் சிறந்த இடமில்லை. டிரம்பிள் குழுவினர் அதனையும் பார்த்தனர். நாற்பது வயதுக்கு மேற்பட்ட 719 சிமானே ஆடவர் பெண்டிரை ஆராய்ந்து 2023இல் வெளியிட்ட கட்டுரையிலே, ஓமோன் கூடியவர்களிடத்தே நாடிக் கல்சியமும் சற்றுக் கூடுதலாகக் காணப்பட்டதென்று அறிவித்தனர். நகரத்து முடிவுக்கு நேர் எதிரான முடிவு! ஒருமுறை எடுத்த அளவுகளைக் கொண்டு இது காரணம், இது காரியம் என்று தீர்த்துவிடல் ஆகாது. அவர்களிடையே ஓமோன் கூடியவரின் நாடியும் நம்மவர் நாடியிலும் தூயதே. எனினும், ஓமோன் கூடக் கூட இருதயம் காக்கப்படும் என்னும் எளிய வாய்பாடு அந்த ஆற்றங்கரையிலே பிழைத்துவிட்டது. ஒரே எண், ஒரு வாழ்க்கையிலே ஒரு பொருளும் மற்றொரு வாழ்க்கையிலே வேறொரு பொருளும் தருகின்றது. வாழ்க்கையை விட்டு எண்ணை மாத்திரம் வாசிப்பவன், ஊர்ப் பெயரில்லாத தேசப்படத்தை வாசிப்பவனை ஒப்பான்.

மருந்தாகக் கொடுத்தால் என்னவாகும் என்பதையும் ஆராய்ந்துள்ளனர். இருதய நோய் உள்ளவர்களும் அதற்கு ஏதுவானவர்களுமாகிய, ஓமோன் உண்மையாகவே குறைந்த ஐயாயிரத்துக்கு மேற்பட்ட அமெரிக்க ஆடவரைக் கொண்டு நடத்திய பெரும் பரீட்சையின் முடிவு 2023இல் வெளிவந்தது. மருந்து பூசியவர்களுக்கு மாரடைப்பும் பாரிசவாதமும் மிகுதியாகவில்லை. ஆனால் குறையவும் இல்லை. இருதயத் துடிப்பின் ஒழுங்கீனமும் நுரையீரல் நாடியில் இரத்தம் உறைதலும் சற்று மிகுந்து காணப்பட்டன. சுரப்பி நோயினால் ஓமோன் குறைந்தவர்களுக்கு அம்மருந்து வேண்டியதே. அதனைத் தீர்மானிக்க வேண்டியவர் வைத்தியர். விளம்பரக்காரர் அல்லர்.

சுவர்க்கமுமன்று

இவ்வளவும் கூறியபின், மனிக்கிக் கரையைச் சுவர்க்கமென்று எவரும் எண்ணிவிடலாகாது. அங்கே குழந்தைகள் பலர் முதலாண்டிலேயே இறந்துவிடுகின்றனர். இறப்புகளில் ஏறத்தாழப் பாதிக்குத் தொற்றுநோய்களே காரணமென்று அதே ஆராய்ச்சியாளர் கணக்கிட்டுள்ளனர். காய்ச்சல், வயிற்றோட்டம், நெஞ்சுச்சளி ஆகியவை அங்கே நாளாந்தப் பகைவர். தூய நாடியோடு முதுமையடைபவர், அப்பகைவர்க்குத் தப்பி வந்தவர். நமக்கோ தடுப்பூசியும், தூய குடிநீரும், பிரசவ விடுதியும் உண்டு. அவற்றை இழந்து அவர்களின் நாடியைப் பெறுவோம் என்று எந்தத் தாயும் கூறமாட்டாள்.

அந்தக் கரையும் மாறிக்கொண்டுதான் இருக்கின்றது. தெரு நெருங்கி வருகின்றது. வள்ளத்துக்கு இயந்திரம் வந்தது. அவ்வியந்திரப் படகிலே சீனியும் சமையல் எண்ணெயும் வந்தன. சந்தை நகரத்தை அண்டிய கிராமங்களிலே அவற்றின் பாவனை கூடுதலென்பதை ஆராய்ச்சியாளர் 2018இல் எழுதினர். கழி ஊன்றி வள்ளம் தள்ளிய தோள்கள் இப்பொழுது இயந்திரத்தின் பிடியைப் பற்றியிருக்கின்றன. நோயாளியை விரைவாக வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்வதும் அதே இயந்திரம்தான். யாரைக் குறைகூறுவது?

திரும்பி வருகையில்

தேசப்படத்தை மடித்து வைத்தபோது எமக்கு எமது பாட்டனாரின் நினைவு வந்தது. விடியற்புறத்திலே துலாமிதிப்பதற்கு எழுந்து செல்வார். துலாவின்மேல் முன்னும் பின்னுமாக நடந்து நடந்தே புகையிலைத் தோட்டத்துக்கு நீர் இறைப்பார். அவருடைய நாடிகளை எவரும் படமெடுத்ததில்லை, ஓமோனை அளந்ததுமில்லை. ஆகையால் அவரைப்பற்றி நாம் எதனையும் உறுதியாகக் கூறுவதற்கில்லை. ஆனால் அவர் உண்ட சோற்றுக்கு அவருடைய கால்கள் கணக்குக் கொடுத்தன என்பதை மாத்திரம் அறிவோம். எமது தமையனார் அதே சோற்றைத்தான் உண்டார். கணக்குக் கொடுப்பதற்கு அவருக்குத் துலாவும் இல்லை, நேரமும் இல்லை. சொல்லவேண்டிய தம்பியும் சொல்லாமல் இருந்துவிட்டான்.

ஒரு கிழமை முடிந்ததும் நண்பரிடம் சென்றோம். கடதாசியை மீண்டும் விரிக்கச் சொல்லி, கடைசி வரியை எமது விரலால் மறைத்துக்கொண்டு, மேலேயுள்ள இரண்டு வரிகளையும் வாசிக்கச் சொன்னோம். “இந்த இரண்டுக்கும் வைத்தியரிடம் போவோம். கடைசி வரியை அவரே பார்த்துக்கொள்ளட்டும்” என்றோம். நண்பர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர், “நீரும் வாரும்” என்றார். சென்றோம். வைத்தியர் இருவருடைய இரத்தத்தையும் பரிசோதித்தார். எமது அறிக்கையிலும் முதல் வரி சரியாக இல்லை என்பதை வாசகரிடம் மறைப்பது முறையன்று.

அன்று தொடக்கம், வைத்தியர் கூறிய மருந்தோடு, மாலையில் ஒரு மணித்தியாலம் இருவரும் நடக்கின்றோம். நண்பர் தம் வளவின் பின்புறத்திலே மண்வெட்டியால் கொத்தி மரவள்ளி நட்டிருக்கின்றார். முதல்நாள் கையிலே கொப்புளம் கண்டதைப் பெருமையோடு காட்டினார். விளம்பர மருந்தை அவர் வாங்கவில்லை. இடுப்புப் பட்டியிலே ஒரு துவாரம் உள்ளே போயிருக்கின்றது.

வாசக அன்பர்களே, நம்மால் மனிக்கி ஆற்றங்கரைக்குச் சென்று வாழ இயலாது, வாழவேண்டியதும் இல்லை. ஆயினும், வீட்டிலே ஒருவர் இத்தகைய கடதாசியை உங்களிடம் நீட்டுவாராயின், விளங்காமல் ‘பயமில்லை’ என்று கூறிவிடாதீர்கள். முழுவதையும் வாசியுங்கள், வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள், மாலையிலே அவரோடு கூட நடவுங்கள். நாம் நடக்கும் வழியிலே தமையனாருடைய வீடு இருக்கின்றது. அதன் படலையைக் கடக்கும்போது இருவரும் பேச்சை நிறுத்திவிடுகின்றோம்.